டீயின் நிறத்தைப் பார்த்த விமானி
(ஜே.ஆர்.டி. டாடா – ஒரு வாழ்க்கைப் பார்வை)

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை



நம் பேரவை ஆண்டு மலருக்குத் துறைக்கு ஒருவர் ஒரு சாதனையாளரின் வாழ்க்கையை எழுதித் தர வேண்டும் என்று கேட்டபோது, எங்கள் வகுப்பில் யாரும் கை தூக்கவில்லை. கடைசியில் என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள். நான் எழுத்தாளன் அல்ல. எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். விமானத்தைப் பற்றி எழுதப் போகிறேன், ஆனால் விமானத்தில் ஏறியது கிடையாது. மதுரையில் இறங்கப் போகும் விமானத்தை மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

பிறகு ஏன் ஜே.ஆர்.டி. டாடா? அதற்குக் காரணம் எங்கப்பாவின் டீக்கடை.

எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருபது வருஷமாக அந்தக் கடை இருக்கிறது. நான்கு பெஞ்சு, ஒரு பாய்லர், ஒரு கல்லாப்பெட்டி. இரண்டு வருஷத்துக்கு முன் எதிர்ச்சாரியில் புதிதாக ஒரு டீக்கடை வந்தது. டைல்ஸ் போட்ட தரை, மின்விசிறி, கண்ணாடிப் பெட்டியில் கேக். ஆறு மாதத்தில் எங்க பெஞ்சு பாதி காலி. அவன் விலையைக் குறைத்து ஆளை இழுக்கிறான், நாமும் குறைப்போம் என்று நான் அப்பாவிடம் சண்டை போட்டேன். அப்பா பதில் பேசவில்லை. அந்தச் சமயத்தில்தான் நம் கல்லூரி நூலகத்தில் டாடாவின் வாழ்க்கையைப் படித்தேன். அவ்வளவு பெரிய விமானக் கம்பெனியின் தலைவர், விமானத்தில் கொடுத்த டீ என்ன நிறத்தில் இருந்தது என்று குறிப்பு எழுதியிருக்கிறார்! அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பட்டம் பெறாத பொறியாளர்

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா 1904ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஆர்.டி. டாடா, தொழில் மேதை ஜாம்ஷெட்ஜி டாடாவின் உறவினர், தொழிலில் பங்காளி. தாய் சூசன் பிரெஞ்சுப் பெண்மணி. பிரான்சின் கடற்கரையில் ஆர்டெலோ என்ற ஊரில் விடுமுறைக்குப் போகும்போது அவர்களுக்குப் பக்கத்தில் லூயி பிளேரியோவின் வீடு. 1909இல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் கடந்தவர் அவர்தான். மணல்வெளியில் விமானம் வந்து இறங்குவதைப் பார்த்த பையனுக்கு அன்றே பறக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. பதினைந்து வயதில் முதன்முறையாக ஒரு விமானத்தில் ஏறிப் பறந்தும் பார்த்துவிட்டார்.

பொறியியல் படிக்கக் கேம்பிரிட்ஜ் போக வேண்டும் என்பது அவருடைய கனவு. அது நடக்கவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் ஒரு வருடக் கட்டாய சேவை முடிந்ததும் தந்தை இந்தியாவுக்கு வரச் சொல்லிவிட்டார். 1925இல் டாடா நிறுவனத்தில் சம்பளம் இல்லாத பயிற்சியாளராகச் சேர்ந்தார். மறு ஆண்டே தந்தை காலமானார். பட்டம் வாங்கவில்லையே என்ற குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. டிப்ளமோதானே என்று யாராவது நம்மைக் கேட்டால் மனசு சுருங்கிப் போகிற நமக்கு, இது கொஞ்சம் தெம்பு தருகிற செய்தி.

1929 பிப்ரவரி 10ஆம் நாள் அவருக்கு விமானி உரிமம் கிடைத்தது. இந்தியாவில் வழங்கப்பட்ட உரிமங்களில் அதன் எண் ஒன்று. முப்பத்து நான்காவது வயதில், 1938இல், டாடா குழுமத்தின் தலைவர் ஆனார். உருக்கு, மின்சாரம், லாரி, ரசாயனம் என்று எத்தனையோ தொழில்கள் அவர் கையில் இருந்தன. ஆனாலும் அவர் மனசு இருந்தது வானத்தில்தான் என்றால் மிகையாகாது.

போட்டிக்காரனுக்குக் கொடுத்த பிளக்

1929இல் ஆகா கான் ஒரு போட்டி அறிவித்தார். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டி முடிக்கும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. எந்தத் திசையிலிருந்தும் கிளம்பலாம். டாடா கராச்சியிலிருந்து கிளம்பினார். ஆஸ்பி எஞ்சினியர் என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து கிளம்பினார்.

எகிப்தில் அபூகீர் என்ற இடத்தில் இருவரும் எதிரெதிராகச் சந்தித்துக்கொண்டார்கள். ஆஸ்பியின் விமானம் ஸ்பார்க் பிளக் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. டாடாவிடம் உபரி பிளக் இருந்தது. நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? பார்க்காத மாதிரி போயிருப்போம். டாடா எடுத்துக் கொடுத்தார். பதிலுக்கு ஆஸ்பி தன் உயிர்காப்பு மேலுடையைக் கொடுத்தார். சில மணி நேர வித்தியாசத்தில் போட்டியில் ஜெயித்தவர் ஆஸ்பிதான். பிற்காலத்தில் அவர் இந்திய விமானப் படையின் தளபதியாகவே உயர்ந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

மெக்கானிக்கல் மாணவனாகிய எனக்கு ஸ்பார்க் பிளக் என்றால் என்னவென்று தெரியும். சின்னப் பொருள், ஆனால் அது இல்லாவிட்டால் எஞ்சின் வெறும் இரும்பு. எதிராளி நின்றுபோனதால் கிடைக்கிற ஜெயிப்பை டாடா விரும்பவில்லை. அவனும் ஓட வேண்டும், நானும் ஓட வேண்டும், யார் முந்துகிறார் என்று பார்ப்போம் என்பதுதான் அவர் கணக்கு. போட்டியைப் பற்றி அவருக்கு இருந்த இந்த எண்ணத்தைக் கடைசிவரை அவரிடம் பார்க்கலாம்.

தவறாத தபால்

அந்தக் காலத்தில் லண்டனிலிருந்து இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் தபாலைக் கராச்சி வரைதான் கொண்டுவரும். அங்கிருந்து பம்பாய்க்கும் சென்னைக்கும் ரயில்தான். நெவில் வின்சென்ட் என்ற முன்னாள் பிரிட்டிஷ் விமானப்படை வீரர், கராச்சியிலிருந்து கீழே தபாலை விமானத்தில் கொண்டுபோகலாமே என்ற யோசனையோடு டாடாவிடம் வந்தார். அரசாங்கம் மானியம் தர மறுத்துவிட்டது. இழுத்தடித்து, 1932 ஏப்ரலில்தான் பத்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலீடு சுமார் இரண்டு லட்சம் ரூபாய். இரண்டு பஸ் மாத் விமானங்கள். பஸ் மாத் என்றால் ஒற்றை எஞ்சின் வைத்த குட்டி விமானம்.

1932 அக்டோபர் 15. கராச்சியின் டிரிக் ரோடு மைதானத்திலிருந்து காலையில் தபால் பையோடு டாடாவே விமானத்தை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். ரேடியோ கிடையாது, வழிகாட்டும் கருவி எதுவும் கிடையாது. அகமதாபாத்தில் இறங்கியபோது பெட்ரோல் மாட்டு வண்டியில் டின் டின்னாக வந்தது. பிற்பகலில் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் தபாலை வாங்கிக்கொண்டு பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். இந்திய விமானப் போக்குவரத்தின் முதல் தடம் நம் சென்னையில்தான் வந்து முடிந்தது, நண்பர்களே! 1938இல் அது திருச்சி வழியாகக் கொழும்பு வரைக்கும் நீண்டது.

முதல் ஆண்டில் ஏறிய பயணிகள் 155 பேர்தான். தபால் பைகளின் மேல்தான் உட்கார வேண்டும். லாபம் 60,000 ரூபாய். ஆனால் பெரிய விஷயம் அதுவல்ல. மழைக்காலத்தில் ஜுஹு மைதானம் சேறாகிவிடும். மேற்குத் தொடர்ச்சி மலைமேல் மேகம் அடைத்துக்கொண்டு நிற்கும். அப்படியிருந்தும் அந்த வருஷம் முழுக்கத் தபால் நேரம் தவறவில்லை. நூற்றுக்கு நூறு. அரசாங்கத்தின் விமானத் துறை அறிக்கையே இதைப் பாராட்டி எழுதியது. இம்பீரியல் ஏர்வேஸ் தன் ஆட்களை அனுப்பி இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றும் யோசனை சொன்னது.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. எங்க கடை முன்பெல்லாம் நாலரை மணிக்குத் திறக்கும். அப்பா பால் சொசைட்டிக்குப் போய்விடுவார், நான் பாய்லரில் கரி போட்டுத் தண்ணீர் கொதிக்க வைப்பேன். ஐந்து மணிக்கு மதுரைக்குப் போகும் முதல் பஸ்ஸின் டிரைவரும் கண்டக்டரும் எங்க கடையில்தான் டீ குடிப்பார்கள். அவர்கள்தான் போணி. நான் பாலிடெக்னிக் சேர்ந்த பிறகு, படிக்கிற பையனுக்குத் தூக்கம் வேண்டும் என்று எழுந்திருப்பதை நிறுத்திவிட்டேன். அப்பா பாலும் வாங்கிவந்து பாய்லரும் போடுவதற்குள் ஐந்தேகால் ஆகிவிடும். பஸ் போய்விடும்.

எதிர்க்கடை நாலரைக்குத் திறக்கிறது.

எல்லோரும் மூழ்கிய போட்டி

போட்டி வந்தால் தரம் தானாக உயர்ந்துவிடும் என்று பேச்சுப் போட்டிகளில் பேசுகிறோம். அது எப்போதும் உண்மையல்ல என்பதற்கு டாடாவின் வாழ்க்கையிலேயே சாட்சி இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் வின்சென்ட் இறந்துபோனார். 1942இல் அவர் பயணம் செய்த போர் விமானம் பிரான்ஸ் கடற்கரையோரம் காணாமல் போனது. போர் முடிந்ததும் டாடா ஏர்லைன்ஸ் 1946இல் ஏர் இந்தியா என்ற பெயரில் பொதுமக்கள் பங்கு வாங்கும் கம்பெனியானது. தலைப்பாகையோடு குனிந்து வணக்கம் சொல்லும் மகாராஜா பொம்மையும் அந்த வருஷம் பிறந்ததுதான். கம்பெனியின் பாபி கூக்காவும் ஓவியர் உமேஷ் ராவும் உருவாக்கியது.

அதே சமயத்தில் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன டக்கோட்டா விமானங்கள் மலிவு விலைக்குக் கிடைத்தன. ஆளாளுக்கு வாங்கி விமானக் கம்பெனி ஆரம்பித்தார்கள். அரசாங்கமும் பத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்துவிட்டது. இத்தனை பேருக்குப் பயணிகள் எங்கே இருக்கிறார்கள் என்று டாடா எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை. இருக்கிற பயணியை ஆளுக்கொரு பக்கம் பிய்த்துக்கொண்டதில் அம்பிகா ஏர்லைன்ஸ், ஜூபிடர் ஏர்வேஸ் போன்றவை 1949க்குள் மூடிவிட்டன. மிச்சம் இருந்தவற்றிலும் பல நஷ்டத்தில் ஓடின.

நஷ்டத்தில் ஓடுகிறவன் முதலில் எதில் கை வைப்பான்? பராமரிப்பில், சாப்பாட்டில், ஆட்களின் சம்பளத்தில். டீக்கடையில் என்றால் பாலில் தண்ணீர். விலையைக் குறைப்போம் என்று நான் அப்பாவிடம் போட்ட சண்டை எனக்கு ஞாபகம் வந்தது.

ஒரே கட்டணம், வேறு வேறு உபசரிப்பு

டாடா வேறு வழியில் போனார். 1948இல் அரசாங்கத்தையும் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டு ஏர் இந்தியா இன்டர்நேஷனல் என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஜூன் 8ஆம் நாள் இரவு, மலபார் பிரின்சஸ் என்று பெயரிட்ட கான்ஸ்டெலேஷன் விமானம் 35 பயணிகளோடு பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குக் கிளம்பியது. டாடாவும் அதில் ஒரு பயணி. வழி நெடுகப் பயணிகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனாராம்.

எதிரில் யார் யார் தெரியுமா? பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி., அமெரிக்காவின் பான் அமெரிக்கன், டி.டபிள்யூ.ஏ., பிரான்சின் ஏர் பிரான்ஸ், ஹாலந்தின் கே.எல்.எம். எல்லாம் மலைகள். நேற்றுச் சுதந்திரம் வாங்கிய நாட்டின் கம்பெனி இவர்களோடு எப்படி மோதுவது?

இங்கே ஒரு நுட்பத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் வெளிநாட்டு விமானக் கட்டணத்தை ஒவ்வொரு கம்பெனியும் இஷ்டப்படி வைக்க முடியாது. ஐயாட்டா என்ற விமானக் கம்பெனிகளின் உலகச் சங்கம் கூடிப் பேசி முடிவு செய்யும். அரசாங்கங்கள் ஒப்புக்கொள்ளும். பம்பாயிலிருந்து லண்டனுக்கு ஒரே வகுப்பில் யார் விமானத்தில் போனாலும் ஏறக்குறைய ஒரே காசு. அப்படியென்றால் பயணி எதை வைத்துத் தேர்வு செய்வார்? நேரத்தை வைத்து. சாப்பாட்டை வைத்து. முகம் கொடுத்துப் பேசுவதை வைத்து. இந்தப் போட்டி எவ்வளவு தூரம் போனதென்றால், 1958இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டும் மலிவு வகுப்பில் சாண்ட்விச் மட்டும்தான் கொடுக்க வேண்டும் என்ற விதி வந்தபோது, சில ஐரோப்பியக் கம்பெனிகள் அதன்மேல் இறைச்சியும் காயும் அடுக்கி முழுச் சாப்பாடாகவே கொடுத்துவிட்டன. பான் அமெரிக்கன் புகார் செய்தது. சாண்ட்விச் என்றால் என்ன என்று பெரிய பெரிய அதிகாரிகள் உட்கார்ந்து விவாதித்தார்கள்! அந்த ஐயாட்டாவுக்கு 1958–59இல் தலைவராக இருந்தவர் நம் டாடா.

காசில் வித்தியாசம் இல்லாதபோது, சின்ன விஷயம்தான் பெரிய விஷயம். இது டாடாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அதனால் எந்த விமானத்தில் போனாலும் கவனித்துக்கொண்டே போவார். இறங்கியதும் அதிகாரிகளுக்குக் குறிப்பு எழுதுவார். 1951இல் எழுதிய ஒரு குறிப்பில், ஜெனீவாவில் ஏற்றிய டீ காபி நிறத்தில் இருந்ததைச் சுட்டிக் காட்டியிருக்கிறார். சில இருக்கைகள் மற்றவற்றைவிட அதிகமாகச் சாய்கின்றன என்று எழுதுவார். திரைச்சீலையின் நிறம், தட்டில் உணவு வைத்திருக்கும் விதம், பணியாளர்களின் சிகை அலங்காரம் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. கவுண்டரில் தூசி இருந்தால் தானே துணியெடுத்துத் துடைப்பார் என்றும், பயணத்தின் நடுவே எழுந்து போய்க் கழிவறை சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார் என்றும் சொல்வார்கள். ஜெனீவாவில் ஏர் இந்தியா விமானம் இறங்குவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்ளலாம் என்று ஒரு கதையும் உண்டு. கதை என்றாலும், அப்படி ஒரு கதை சும்மா பிறக்காது.

அமெரிக்கக்காரர்களும் ஐரோப்பியர்களும் சொந்த நாட்டு விமானத்தை விட்டுவிட்டு இந்திய விமானத்தில் ஏறினார்கள். 1960இல் போயிங் 707 ஜெட் வந்தது, அந்த ஆண்டே நியூயார்க்குக்குப் பறந்தது. 1962இல் முழுக்க ஜெட் விமானங்களை மட்டுமே ஓட்டும் உலகின் முதல் விமானக் கம்பெனி என்ற பெருமையை ஏர் இந்தியா பெற்றது.

சம்பளம் இல்லாத தலைவர்

நடுவில் ஒரு பெரிய அடி விழுந்திருந்தது. 1953இல் அரசாங்கம் விமானக் கம்பெனிகள் அனைத்தையும் தேசியமயமாக்கியது. உள்நாட்டுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ், வெளிநாட்டுக்கு ஏர் இந்தியா இன்டர்நேஷனல் என்று இரண்டே அமைப்புகள். தன் கையால் முதல் தபாலைக் கொண்டுவந்த மனிதரிடம் முறையாகக் கலந்து பேசவில்லை. அவர் மனம் நொந்துபோனார்.

கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. ஏர் இந்தியாவின் தலைவர் பதவியை ஏற்றுக்கொண்டார். சம்பளம் கிடையாது. இருபத்தைந்து ஆண்டுகள் அப்படியே இருந்தார். வளர்த்த தரம் சரிந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

இதை அப்பாவிடம் சொன்னேன். கிளாஸ் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், அந்த ஆளுக்கு எவ்வளவு சம்பளம் என்று கேட்டார். ஒண்ணுமில்லை என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, காலையிலிருந்து சுடவைத்துச் சுடவைத்துக் கறுத்துக் கிடந்த டிகாஷனைத் தூக்கிச் சாக்கடையில் ஊற்றினார். அப்பாவுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. ஆனால் என்னைவிடச் சீக்கிரமாகப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வெளிநாட்டுத் தடத்தில் ஏர் இந்தியாவுக்கு எப்போதும் எதிரில் ஆள் இருந்தார்கள். உள்நாட்டில் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு நாற்பது வருஷம் எதிரில் ஆளே இல்லை. தாமதமானாலும், பதில் சொல்ல ஆள் இல்லாவிட்டாலும் பயணி அங்கேதான் நிற்க வேண்டும். வேற கதி இல்லாமல் வந்து நிற்கிறவரை வாடிக்கைக்காரர் என்று நினைத்துக்கொள்வது எவ்வளவு பெரிய ஏமாற்று! எதிரில் இன்னொரு கடை திறந்த அன்றுதான் அவர் யாரென்று தெரியும்.

இறக்கிவிட்டார்கள்

1978 ஜனவரி 1ஆம் நாள் ஏர் இந்தியாவின் முதல் ஜம்போ விமானமான எம்பரர் அசோகா பம்பாய்க் கடலில் விழுந்து 213 பேர் இறந்தார்கள். அந்தத் துயரம் ஆறுவதற்குள், பிப்ரவரியில், மொரார்ஜி தேசாய் அரசு டாடாவைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. அரசாங்கம் சொல்வதற்கு முன்பே, அடுத்து அந்தப் பதவிக்கு வர இருந்தவர் மூலம்தான் அவருக்கு விஷயம் தெரிந்தது. 46 வருட உழைப்புக்கு இப்படி ஒரு விடை. 1980இல் இந்திரா காந்தி அரசு அவரை மறுபடியும் இயக்குநர் குழுவில் சேர்த்தது, ஆனால் தலைவராக அல்ல.

அவர் கசந்துபோய் மூலையில் உட்காரவில்லை. 1982 அக்டோபர் 15, முதல் தபால் பறந்து ஐம்பது வருஷம் நிறைந்த நாள். 78 வயதில், லெப்பர்டு மாத் என்ற பழைய சின்ன விமானத்தில், கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தனியாகப் பறந்துவந்து இறங்கினார்! 1992இல் பாரத ரத்னா விருது பெற்றார். 1993 நவம்பர் 29ஆம் நாள் ஜெனீவாவில் காலமானார். பிறந்த பாரிஸ் நகரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

போன வாடிக்கை

அவருக்குப் பின் காலம் மாறியது. 1978இல் அமெரிக்காவில் உள்நாட்டுக் கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், அடிக்கடி பறப்பவருக்குத் தூரத்தைக் கணக்கு வைத்து இலவசப் பயணம் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. மற்ற கம்பெனிகளும் அதையே செய்தன. பயணியைப் பிடித்து வைக்க அட்டை வந்துவிட்டது. அட்டை ஒருவரைத் திரும்ப வரவழைக்கலாம். ஆனால் எல்லாக் கம்பெனியும் அட்டை கொடுக்கும்போது, மறுபடியும் கதை டீயின் நிறத்துக்கே வந்துவிடுகிறது.

1994இல் இந்தியாவில் அரசின் தனியுரிமைச் சட்டம் நீங்கியது. தனியார் விமானங்கள் வந்ததும் பயணிகள் கூட்டங் கூட்டமாக மாறிப் போனார்கள். வந்தவர்களிலும் எல்லோரும் நிற்கவில்லை. கிங்ஃபிஷர் 2012இலும், ஜெட் ஏர்வேஸ் 2019இலும் பறப்பதை நிறுத்தின. உபசரிப்பில் இரண்டுக்கும் நல்ல பெயர்தான். ஆனால் கடன் கழுத்தை நெரித்தது. வெறும் உபசரிப்பும் போதாது, கணக்கும் சரியாக இருக்க வேண்டும் என்பதற்கு அவை பாடம். 2007இல் இந்தியன் ஏர்லைன்ஸும் ஏர் இந்தியாவும் ஒன்றாக்கப்பட்டன. நஷ்டம் ஆயிரக்கணக்கான கோடிகளுக்குப் போனது. கடைசியில் 2022 ஜனவரி 27ஆம் நாள் ஏர் இந்தியா மறுபடியும் டாடா குழுமத்தின் கைக்கே வந்தது. கொண்டாடினார்கள். ஆனால் பழைய பெயர் மட்டும் பழைய நம்பிக்கையைக் கொண்டுவந்துவிடாது.

2025 ஜூன் 12ஆம் நாள் அகமதாபாத்தில் லண்டனுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா விமானம் விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். மாட்டு வண்டியில் வந்த பெட்ரோலுக்காக டாடா காத்து நின்ற அதே ஊர். பயணி நம்மிடம் கொடுப்பது டிக்கெட் காசை மட்டுமல்ல, உயிரையும்தான். நாளைக்குப் பணிமனையில் ஸ்பேனர் பிடிக்கப் போகிற நாம் இதை மறக்கவே கூடாது.

நாலு மணி அலாரம்

நண்பர்களே, எங்க கடைக் கதையையும் முடித்துவிடுகிறேன். எதிர்க்கடைக்காரர் எங்க வாடிக்கையை இழுக்கவில்லை. நாங்கள்தான், அதிலும் குறிப்பாக நான்தான், ஐந்து மணிக்கு வந்தவர்களை வெறும் பாய்லரைப் பார்க்க வைத்து அனுப்பினேன். அப்பாவுக்கு அது முதலிலிருந்தே தெரியும். படிக்கிற பையனை எழுப்பக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது நாலு மணிக்கு அலாரம் வைக்கிறேன். நாலரைக்குக் கடை திறந்துவிடுகிறது. விலையைக் குறைக்கவில்லை. டிகாஷனை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புதிதாகப் போடுகிறோம். முதல் ஒரு வாரம் யாரும் வரவில்லை. ஒன்பதாவது நாள் மதுரை பஸ் டிரைவர் வந்தார். எதுவும் கேட்கவில்லை, ஒரு ஸ்டிராங் என்று மட்டும் சொன்னார். அப்பா அவசர அவசரமாகப் பெஞ்சைத் துடைத்தார். பிறகு சிலர் வந்தார்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் தாத்தா ஒருவர், நான் குழந்தையாக இருந்ததிலிருந்து எங்க கடையில் டீ குடித்தவர், இன்னும் எதிர்க்கடையில்தான் உட்காருகிறார். எங்களைப் பார்த்துக் கையை ஆட்டுவார், வரமாட்டார். அவர்மேல் தப்பில்லை. ஒரு வருஷம் அந்தக் கடை அவருக்கு நேரம் தவறாமல் டீ கொடுத்திருக்கிறது.

வாடிக்கை என்பது நாம் வைத்திருக்கும் சொத்து அல்ல. தினமும் விடிகாலையில் மறுபடியும் சம்பாதிக்க வேண்டிய ஒன்று. எதிரில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், யாரும் பார்க்காவிட்டாலும், சம்பளமே வராவிட்டாலும் தன் கையில் உள்ள வேலையின் நிறத்தைத் தானே பார்த்துக்கொண்டவர் ஜே.ஆர்.டி. டாடா. நாளைக்கு நாம் லேத்தில் நின்றாலும் சரி, விமானத்தின் அடியில் படுத்துப் போல்ட் முறுக்கினாலும் சரி, அப்பாவின் கடையில் டீ ஆற்றினாலும் சரி, அந்த ஒரு பழக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொள்வோம்.

மணி பத்தரை ஆகிவிட்டது. காலையில் பாய்லர் போட வேண்டும். விடைபெறுகிறேன்.